கம்பளத்தில் நான்கு குழிகள்

எங்கள் கூடத்துக் கம்பளத்தில் நான்கு குழிகள் இருக்கின்றன. சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றின் நான்கு கால்கள் அழுந்திய இடம். என் கணவரின் சாய்வு நாற்காலிக்கு நேர் எதிரே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில். பனிக்கட்டி வைத்தால் அது உருகும்போது கம்பளத்தின் இழைகள் நிமிர்ந்துவிடும் என்று ஏதோ ஒரு காணொளியில் பார்த்துவிட்டு, முன்பொரு நாள் மத்தியானம் ஃப்ரீசரிலிருந்து நான்கு துண்டுகளை எடுத்துவந்து குழிக்கு ஒன்றாக வைத்தேன். உருகிய பிறகு பழைய சீப்பால் வாரியும் பார்த்தேன். கொஞ்சம் எழுந்தது. "என்ன பண்றே?" என்று கேட்டார் என் கணவர். "கார்ப்பெட் வீணாப் போகுதுங்க" என்றேன். பச்சைப் பொய். அந்தக் கம்பளம் நாங்கள் கனடாவில், புவாண்ட்-கிளேரில் இந்த வீட்டை வாங்கியபோதே பழசு. அதில் குழி விழுந்தால் என்ன, ஓட்டை விழுந்தால் என்ன? அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவளை எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவள் போன பிறகும் அவள் உட்கார்ந்த அடையாளம் என் வீட்டில் இருப்பது பிடிக்கவில்லை.

அவள் ஒரு நர்ஸ். எங்கள் பகுதிச் சுகாதார மையத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வருவாள். என் கணவருக்குச் சர்க்கரை. வலது காலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. அதைக் கழுவிக் கட்டுப் போடுவது அவள் வேலை. யாழ்ப்பாணத்துப் பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிறவள். மரியாதையாக 'அவர்' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஒத்துழைக்கவில்லை. அந்த எட்டு மாதம் மனதுக்குள் அவளை நான் அழைத்த விதத்துக்கு, 'அவள்' என்பதே பெரிய மரியாதை.

எனக்குப் பேச்சுதான் பிழைப்பாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய கிடங்கின் அலுவலகத்தில் தொலைபேசி எடுத்தேன். குழாய், வால்வு, வெந்நீர்த் தொட்டி விற்கிற நிறுவனம். பிப்ரவரியில் வெந்நீர் நின்றுபோன மனிதன் ஆங்கிலத்தில் திட்ட ஆரம்பித்து பிரெஞ்சில் முடிப்பான். அவன் மூச்சு விடுகிற இடைவெளியில் உள்ளே நுழைந்து, அவன் சொல்லவந்ததை நானே முடித்துக் கொடுத்து, இரண்டு நிமிடத்தில் அவனைச் சிரிக்கவைத்துவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விடுவேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை மேலாளர் முதல் வாரம் என் பக்கத்தில்தான் உட்காரவைப்பார். அந்த வேலையில் மூன்று விநாடி மௌனம் என்றால் ஆள் கை நழுவிப் போய்விட்டான் என்று அர்த்தம். ஓய்வு பெற்றேன், பழக்கம் ஓய்வு பெறவில்லை.

என் கணவர் விமானப் பாகங்களை வடிவமைத்த பொறியாளர். சுபாவத்திலேயே பேச்சு குறைவு. டாக்டர் கேட்டால் நான் பதில் சொல்வேன். சம்பந்தி கேட்டாலும் நான்தான். கல்கரியில் இருக்கும் எங்கள் மகன் போன் செய்து "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டால், பக்கத்திலேயே அப்பா இருக்க, "நல்லா இருக்கார்டா" என்பேன். பொருத்தமான ஜோடி என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்குப் பேசுகிற சிரமம் இல்லை, எனக்குக் கேட்கிற சிரமம் இல்லை. நாற்பத்தாறு வருடம் இப்படி ஓடியது.

அவள் முதல் முறை வந்தது பனி உருகிக்கொண்டிருந்த ஒரு ஏப்ரல் காலை. வாசலில் பூட்ஸைக் கழற்றினாள், சமையலறைக் குழாயில் கை கழுவினாள். நான் சோஃபாவைக் காட்டி உட்காரச் சொன்னேன். அவள் சோஃபாவைப் பார்த்தாள், என் கணவரைப் பார்த்தாள், பிறகு சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, "இதை இங்க வைக்கலாமோ?" என்று கேட்டாள். என்னையல்ல, அவரை. வீட்டுக்காரி நான் நிற்கிறேன்! அவர் தலையாட்டினார். உட்கார்ந்தாள். காலைப் பார்க்கவில்லை, பையைத் திறக்கவில்லை. "உங்களை நான் எப்பிடிக் கூப்பிட்டா உங்களுக்கு விருப்பம்?" என்றாள்.

"அங்கிள்னு கூப்பிடுங்க, போதும்" என்று நான் பக்கத்திலிருந்து சொன்னேன். என்னைப் பார்த்து ஒரு புன்னகை. பிறகு திரும்பவும் அவரையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். எனக்குக் கை பரபரத்தது. என்ன இது, கேள்வி கேட்டாயிற்று, பதில் கிடைத்தாயிற்று, வேலையைப் பார்க்க வேண்டியதுதானே? என் கணவர் ஜன்னல் பக்கம் பார்த்தார், கையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "சார்னு கூப்பிட்டா நல்லாருக்கும்" என்றார்.

கனடாவுக்கு வருவதற்கு முன் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இரண்டு வருடம் விரிவுரையாளராக இருந்தவர் அவர். எனக்கு அது ஒரு பழைய செய்தி. இங்கே வந்த பிறகு, நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டான். அதுதான் இந்த ஊர் வழக்கம். அவரும் சிரித்துக்கொண்டேதான் போனார். சார் என்று யாராவது கூப்பிடமாட்டார்களா என்று இத்தனை வருடம் உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அது வெளியே வர ஒரு கேள்வியும் ஒரு நிமிடப் பொறுமையும்தான் தேவைப்பட்டன. அந்தக் கேள்வி என்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா? அன்றிலிருந்து அவர் அவளுக்கு 'சேர்'. அவர்கள் ஊர் உச்சரிப்பு அப்படி. நான் 'அன்ரி'. உங்களை எப்படிக் கூப்பிடட்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

அவள் போனதும் நாற்காலியை மேசைக்குத் திரும்பக் கொண்டுபோகத் தூக்கினேன். "அது அங்கயே இருக்கட்டும்" என்றார். அதிசயமாகத் தானாக வந்த வாக்கியம். எனவே நாற்காலி அங்கேயே இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் அவள் உட்கார்ந்தாள். மற்ற நாட்களில் நான் அதன் மேல் துவைத்த துணிகளைக் குவித்தேன். ஒரு நாளும் உட்காரவில்லை.

அவள் அப்படி என்னதான் பேசினாள் என்று கேட்டால், பேசவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் உட்காருவாள். "இண்டைக்கு எப்பிடி இருக்கிறீங்கள் சேர்?" என்பாள். பிறகு காத்திருப்பாள். அவர் எதையாவது சொன்னால், அவர் சொன்னதன் கடைசி இரண்டு வார்த்தையைத் திருப்பிச் சொல்வாள், மேலே சொல்லுங்கோ என்கிற மாதிரி. அவர் சொல்வார். கவலைப்படாதீங்கள் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னதில்லை. நான் அவரிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற வாக்கியங்கள் இந்த இரண்டும்தான். ஆறுதல் சொல்லாத பெண்ணிடம் போய் ஒரு மனிதர் ஆறுதல் அடைகிறார் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

மகனிடம் போனில் புலம்பினேன். "அது அவங்க படிப்பும்மா. நோயாளிகிட்ட எப்படிப் பேசணும், எப்படிக் கேக்கணும்னு நர்ஸுங்களுக்குப் பாடமே இருக்கு" என்றான். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. பாடத்துக்காகக் கேட்கிறாள், சம்பளத்துக்காக உட்காருகிறாள். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை கூடத்திலிருந்து என் கணவரின் சிரிப்புச் சத்தம் வந்தது. வாய்விட்ட சிரிப்பு. அவள் படித்தது பாடமாக இருக்கலாம், அவர் சிரித்தது நிஜம்தானே.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நான் ஒட்டுக் கேட்டேன். அடுப்புக்கு மேலிருக்கும் புகை விசிறியை நிறுத்தினேன். பாத்திரம் தேய்க்கிற பாவனையில் ஒரே தட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். ஒரு செவ்வாய்க்கிழமை அவள், "பயமா இருக்கோ சேர்?" என்று கேட்டது தெளிவாக விழுந்தது. பயமா? என் கணவருக்கா? நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பத்து ஆயிற்று, பதினைந்து ஆயிற்று, யாரும் பேசவில்லை. என் அலுவலகமாக இருந்தால் அந்நேரம் மூன்று அழைப்புகள் போயிருக்கும். பத்தொன்பதில் அவர் வாயைத் திறந்தார். சரியாக அப்போது என் குக்கர் விசில் அடித்தது. அது அடங்கியபோது அவர் பேசி முடித்திருந்தார். "ஓம் சேர், விளங்குது" என்று அவள் சொல்வது மட்டும் கேட்டது. அன்று வெந்த பருப்பை நான் வாயில் வைக்கவில்லை. அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் பதினோரு மணிவரை எங்கள் வீட்டில் குக்கர் ஏறாது.

சில நாள் ஃபில்டர் காபியோடு உள்ளே நுழைவேன். "எங்களுக்கு வாங்கக் கூடாது அன்ரி, வேலையில பிரச்சினையாகும்" என்று அவள் தண்ணீர் மட்டும் குடிப்பாள். எங்கள் வீட்டுக் காபியை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள். அதுகூடப் பெரிதில்லை. நான் தட்டோடு நுழைகிற கணத்தில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்துவார்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது, "தயிர் போதுமா?" என்றேன். "ஓம்" என்றார். என் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. "என்னது?" "போதும்னேன்." இன்னொரு நாள் மாத்திரையை நீட்டினால் "பேந்து போட்டுக்கறேன்" என்கிறார். ஆமாமுக்கு ஓம், பிறகுக்குப் பேந்து; அவள் ஊர்ப் பேச்சு அவருக்கே தெரியாமல் வருகிறது. நாற்பத்தாறு வருடத்தில் என் வார்த்தை ஒன்றாவது அவர் வாயில் இப்படி ஒட்டியிருக்குமா? வேறு பெண்கள் கணவனின் சட்டையில் எதையெதையோ கண்டுபிடிப்பார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு 'பேந்து'. சிரிப்பாக இருக்கிறது இல்லையா? அன்று நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இதற்கிடையில் பெரிய பிரச்சினை ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தது. சர்க்கரை அவர் சிறுநீரகங்களையும் தின்றிருந்தது. டிசம்பரில் சிறுநீரக டாக்டரைப் பார்க்க வேண்டும்; வாரத்துக்கு மூன்று நாள் மருத்துவமனையில் இயந்திரத்தோடு இணைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸுக்குச் சம்மதமா இல்லையா என்று அன்று சொல்லிவிட வேண்டும். நான் அவரிடம் கேட்காமல் இல்லை. "என்னங்க முடிவு பண்ணீங்க? பண்ணிக்கலாம்தானே? இப்ப எத்தனையோ பேர் பண்ணிக்கறாங்க, கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று கேட்டேன். ஒரே மூச்சில். "சரி" என்றார். முடிந்தது என்று நான் நாட்காட்டியில் குறித்துவைத்தேன்.

நவம்பரில், முதல் பனி விழுந்த ஒரு வெள்ளிக்கிழமை, தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த என் காதில் அவள் குரல் விழுந்தது. "அதை நீங்கள் அன்ரியிட்டச் சொன்னனீங்களோ?" என்றாள்.

"இல்ல" என்றார் என் கணவர். "அவகிட்ட முடியாது."

அவள் கிளம்பும்போது வாசலில் மடக்கினேன். குனிந்து பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தாள். "என்ன சொல்றார் உங்ககிட்ட? எனக்குத் தெரிஞ்சாகணும். நான் அவர் பொண்டாட்டி" என்றேன். அவள் நிமிர்ந்து, ஒரு பூட்ஸோடு நின்றபடி, "அவர் சொன்னதை நான் சொல்லக் கூடாது அன்ரி. நீங்கள் கேட்டா சொல்லுவார் எண்டு நினைக்கிறன்" என்றாள்.

"நான் கேக்காமலா இருக்கேன்?"

அவள் இரண்டாவது பூட்ஸைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தாள். அந்தக் காத்திருக்கும் வித்தையை என்னிடமே காட்டுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கேக்கிறீங்கள் அன்ரி. பேந்து பதிலையும் நீங்களே சொல்லிப்போடுறீங்கள்." இரண்டாவது பூட்ஸை மாட்டிக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை வாறன்" என்று இறங்கிப் போனாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. திங்கட்கிழமை காலையே நான் சுகாதார மையத்துக்குப் போன் செய்துவிட்டேன். கட்டுப் போட அளவுக்கு மேல் நேரம் எடுக்கிறாள், தேவையில்லாத பேச்சு அதிகம், நோயாளி களைத்துப்போகிறார், வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன். எதிர்முனையில் எடுத்த பெண்ணின் வாக்கியங்களை நானே முடித்துக் கொடுத்தேன். மூன்று நிமிடத்தில் காரியம் ஆயிற்று. வாழ்க்கையில் நான் மிகத் திறமையாகப் பேசிய போன் அதுதான்.

புதிதாக வந்தவள் இளம் கியூபெக் பெண். நல்ல பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. "போன்ஷூர்!" என்று உள்ளே வந்தவள் எதிரே கிடந்த நாற்காலியைக் காலால் ஒதுக்கிவிட்டு, நேராகத் தரையில் மண்டியிட்டுப் புண்ணைப் பார்த்தாள். "சா வா?" என்று பிரெஞ்சில் நலம் கேட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் பதில் சொன்னேன். பன்னிரண்டு நிமிடத்தில் அருமையாகக் கட்டு முடிந்தது. "மெர்சி" என்றேன். வீடு எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அவள் போனதும் என் கணவர், "அந்த நாற்காலியைப் பழைய இடத்துல போடறியா?" என்றார்.

போட்டேன். கால்கள் நான்கும் தாமாகவே குழியில் போய் விழுந்தன. அதை நகர்த்திவிட்டு நான் பனிக்கட்டி வைத்ததும் சீப்பால் வாரியதும் அந்த வாரம்தான். ஏன் ஆள் மாறிவிட்டது என்று அவர் கேட்கவில்லை. ஏதாவது கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நான்கு வாரம் ஆளில்லாத அந்த நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஓம் இல்லை, பேந்து இல்லை. "சரி" மட்டும்தான். எனக்குள் ஒரு பயம் ஊற ஆரம்பித்தது. அவருக்குள் என்னவோ இருக்கிறது. அது வெளியே வர ஒரு வழி இருந்தது, அதை நான் அடைத்துவிட்டேன். டாக்டரைப் பார்க்க ஒரு வாரம்கூட இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம். வெளியே பனியில் பட்ட வெயில் கூடம் முழுக்கத் தெறித்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் கிடந்த துணிகளைத் தூக்கி சோஃபாவில் போட்டுவிட்டு அதில் உட்கார்ந்தேன். முதலில் எனக்குத் தோன்றியது, இவர் முகம் இப்படியா இருக்கிறது என்பதுதான். நாங்கள் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். காரில், கோவிலில், டிவி முன்னால். நேருக்கு நேர் இவ்வளவு அருகில் உட்கார்ந்ததே இல்லை. இடது கண்ணிமை கொஞ்சம் தொங்கியிருந்தது. எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"நான்தான் அவளை மாத்தச் சொன்னேன்" என்றேன்.

என் வாய்க்குள் காரணங்கள் வரிசையில் நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். பதினொன்றில் ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓட ஆரம்பித்தது. இருபதில் தெருவில் பனி அள்ளும் வண்டி போயிற்று. எண்ணிக்கொண்டு சும்மா இருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? முப்பத்தெட்டில், "எதுக்கு?" என்றார்.

"பொறாமை" என்றேன்.

என்னைப் பார்த்தார். மறுபடி எண்ணினேன். இந்த முறை எவ்வளவு போனது என்று நினைவில்லை, நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டது. பிறகு பேசினார். எனக்குத் தெரிந்து அவர் சேர்ந்தாற்போல் பேசிய மிக நீண்ட பேச்சு.

"எனக்கு டயாலிசிஸ் வேண்டாம். வாரத்துல மூணு நாள் மெஷின்ல, மிச்ச நாள் அந்தக் களைப்புல. என் ஃப்ரெண்டு அப்படித்தான் ரெண்டு வருஷம் இருந்தான், நான் போய்ப் பார்த்தேனே. எனக்கு எழுபத்தெட்டு ஆயிடுச்சு. இருக்கறவரைக்கும் இந்த ஜன்னல்கிட்ட இருந்துட்டுப் போறேன். இதை முதல்ல உன்கிட்டதான் சொல்லணும்னு நெனச்சேன். ஆனா சொன்னா, அப்படியெல்லாம் பேசாதீங்கன்னு நீ சொல்லுவே. நான் சரின்னுடுவேன். இத்தனை வருஷமா உன்கிட்ட சரின்னு சொல்லியே பழகிப்போச்சு. எனக்கு உன்னைக் கண்டு பயமில்லை. என் சரியைக் கண்டுதான் பயம்."

'அப்படியெல்லாம் பேசாதீங்க' என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவர் சொன்ன அதே வாக்கியம், எழுத்து மாறாமல். விழுங்கினேன். அழுகை வந்தது, அதை விழுங்கவில்லை. அவர் அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப சொல்லு. நீ என்ன நினைக்கறே?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவளிடமிருந்து அதையும் கற்றிருக்கிறார்.

"எனக்குப் பிடிக்கல" என்றேன். "ஆனா நீங்க சொன்னதைக் கேட்டுட்டேன்."

தலையாட்டினார். குணம் போகுமா, "வேற என்னல்லாம் சொன்னீங்க அவகிட்ட?" என்றேன். "எல்லாத்தையுமா கேப்பாங்க?" என்று சிரித்தார். அந்த வாய்விட்ட சிரிப்பு. முதல் முறையாக எனக்கு எதிரே.

திங்கட்கிழமை டாக்டர் கேட்டபோது நான் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். அவரே சொன்னார். இந்த வயதில் அதுவும் ஒரு வழிதான், வேதனை இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் நிதானமாக விளக்கினார். வீட்டுக்கு வந்ததும் நான் சுகாதார மையத்துக்குப் போன் செய்து பழைய நர்ஸையே அனுப்பும்படி கேட்டேன். இந்த முறை எதிர்முனையில் எடுத்தவளின் வாக்கியங்களை அவளே முடிக்கட்டும் என்று விட்டேன். ஜனவரியில் அவள் வந்தாள். பூட்ஸைக் கழற்றினாள், கை கழுவினாள், அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "எப்பிடி இருக்கிறீங்கள் சேர்?" என்றாள். நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி. ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

என் கணவர் நவம்பர் தொடக்கத்தில் ஒரு முற்பகலில் போனார். ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரம் மொட்டையாகி நின்றது. என் கை அவர் கையில் இருந்தது. அந்தக் கடைசிப் பதினொரு மாதமும் செவ்வாய், வெள்ளி தவிர்த்த நாட்களில் மத்தியானம் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கோயம்புத்தூர்க் கல்லூரியைப் பற்றி, மாணவன் ஒருவன் கரும்பலகையில் வரைந்த படத்தைப் பற்றி, விமான நிலையத்தில் இறங்கிய முதல் நாள் அவருக்குக் குளிரில் வந்த கோபத்தைப் பற்றியெல்லாம் கேட்டேன். நாட்களைக் கூட்டிப் பார்த்தேன். என்னிடம் தனியாக அவர் பேசியது அவளிடம் பேசியதைவிட அதிகம். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். ஆனால் அவளுக்கு முதல் எட்டு மாதம் கிடைத்ததே, அதை யாரும் எனக்குத் திருப்பித் தரமுடியாது.

மூன்று வாரம் கழித்து அவள் வந்தாள். வீட்டில் ஒருவர் இறந்தால் அதற்குப் பிறகு ஒருமுறை குடும்பத்தாரைப் போய்ப் பார்ப்பது சுகாதார மையத்தின் வழக்கமாம். கூடத்துக்கு வந்தவள் தயங்கி நின்றாள். நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தாள். சோஃபாவில் துணி கிடந்ததால் நான் அவருடைய சாய்வு நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று. அதுவரை நான் அதில் உட்கார்ந்ததே இல்லை.

"நான்தான் அன்னைக்குப் போன் பண்ணி உங்களை மாத்தச் சொன்னேன்" என்றேன்.

"ஓம்" என்றாள்.

அவ்வளவுதான். பிறகு, "அன்ரி, உங்களை நான் எப்பிடிக் கூப்பிடுறது எண்டு ஒரு நாளும் கேக்கேல்ல. பிழைதான்" என்றாள். "அன்ரியே இருக்கட்டும்" என்றேன். "எப்பிடி இருக்கிறீங்கள் அன்ரி?" என்றாள்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நல்லா இருக்கேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு, வேறு எங்கும் போக வேண்டியதில்லை என்பது போல இருந்தாள். திறந்த வாயிலிருந்து வேறு என்னென்னவோ வந்தது. காலையில் இரண்டு பேருக்குக் காபி போட்டுவிடுவதைச் சொன்னேன். வீட்டில் பேசிக்கொண்டே இருந்தவள் நான், இப்போது ஒரு நாள் முழுக்க என் குரலை நானே கேட்பதில்லை என்று சொன்னேன். அவளைப் பிடிக்கவே பிடிக்காது என்பதையும் சொன்னேன். "பிடிக்காது" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். மேலும் சொன்னேன். என் வாக்கியம் எதையும் அவள் முடித்துவைக்கவில்லை. எல்லாவற்றையும் நானே முடிக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் எனக்கு என் கணவர் மேல் பொறாமை வந்தது. அவர் இருந்த காலமெல்லாம் அவள் மேல் பட்ட பொறாமை ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்கு வந்தது. வாரத்துக்கு இரண்டு முறை இந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து இப்படி ஒரு முகத்துக்கு எதிரே பேசியிருக்கிறார் மனிதர். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, இது இப்படி இருக்கும் என்று! நான் அதே நேரம் சமையலறையில் நின்று ஒரே தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கேட்டும் பார்த்தேன், சாரே போய்விட்டார், இனி என்ன, வேறு என்ன சொன்னார் என்று. அவள் சிரித்துத் தலையை ஆட்டினாள். காபி குடிக்கிறீர்களா என்றேன். தண்ணீர் குடித்தாள். வாசலில் பூட்ஸைப் போட்டுக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை வாறன் என்று இந்த முறை சொல்லவில்லை. அவள் வரவேண்டிய காரணம் எங்கள் வீட்டில் இல்லை.

கார் போன சத்தம் அடங்கியதும் நாற்காலியைத் தூக்கினேன். சாப்பாட்டு மேசையில் ஆறில் ஒன்று குறைவாக இருந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாதி வழியில் நின்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியவர் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன், வழக்கம்போல எண்ணிக்கொண்டு. பிறகு திரும்பிவந்து, நான்கு கால்களையும் நான்கு குழிகளில் பார்த்து இறக்கிவைத்துவிட்டு, "அது அங்கயே இருக்கட்டும்" என்று நானே சொன்னேன்.